பகிர்வு ரிமோட் டெஸ்க்டாப் சர்வரின் பயனர் கொள்ளளவு

ஒரே கணினியில் பலர் தனித்தனியே லாகின் செய்து, அவரவர் திரையில் அவரவர் வேலையைப் பார்க்கும் ஏற்பாடு பகிர்வு ரிமோட் டெஸ்க்டாப் சர்வர் எனப்படும். மென்பொருள் ஓடுவதும் கோப்புகள் இருப்பதும் சர்வரில். பயனரின் மேசைக்கு வருவது திரைக்காட்சி; அங்கிருந்து போவது விசைத்தட்டலும் மவுஸ் அசைவும். இப்படிப்பட்ட சர்வரில் எத்தனை பேர் தடங்கலின்றி வேலை செய்யலாம் என்று முன்கூட்டியே கணிப்பது கொள்ளளவு மதிப்பீடு. விற்பவர் சொல்லும் ஒற்றை எண்ணை நம்பி சர்வர் வாங்குவது சிறு அலுவலகங்களில் பரவலான வழக்கம். யார், என்ன வேலையை, எந்த நாளில் செய்கிறார்கள் என்பது தெரியாமல் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை.

வரலாறு

எம்ஐடியில் பெர்னாண்டோ கோர்பாட்டோ குழுவினர் 1961இல் இயக்கிக் காட்டிய சிடிஎஸ்எஸ், ஒரு கணினியைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்திய தொடக்ககால அமைப்புகளுள் ஒன்று. எத்தனை பேர் சேர்ந்தால் அது தள்ளாடும் என்பதை ஆலன் ஷெர் 1965இல் தம் முனைவர் பட்ட ஆய்வில் கணித வழியே காட்டினார். இன்றைய கணக்குகளும் அந்த அடிப்படையில்தான் நிற்கின்றன. விண்டோஸ் உலகில் சிட்ரிக்ஸின் வின்ஃபிரேம் 1995இல் வந்தது. மைக்ரோசாஃப்டின் என்டி 4.0 டெர்மினல் சர்வர் பதிப்பு 1998இல். விண்டோஸ் சர்வர் 2008 ஆர்2 வெளியானபோது இந்த வசதிக்கு ரிமோட் டெஸ்க்டாப் சர்வீசஸ் என்று பெயர் மாறியது.

இந்தியாவில் ஒரு கணினியைப் பலர் பகிரும் எண்ணம் கணினியை மலிவாக்கும் வழியாக வேர்விட்டது. சென்னையில் தொடங்கிய நோவேட்டியம் நிறுவனத்தின் பின்னால் ராஜேஷ் ஜெயின், ஐஐடி மெட்ராஸின் அசோக் ஜுன்ஜுன்வாலா, ரே ஸ்டாட்டா ஆகியோர் இருந்தனர். வீட்டில் ஒரு சிறு பெட்டி, கணிப்பு வேலை முழுவதும் தொலைவிலுள்ள சர்வரில் என்பது அவர்கள் திட்டம். ஆந்திரப் பிரதேச அரசு 2008இல் என்கம்ப்யூட்டிங் கருவிகளைக் கொண்டு 5,000 பள்ளிகளில் 50,000 இருக்கைகள் அமைக்கும் திட்டத்தை அறிவித்தது. ஒரு கணினியைச் சில மாணவர்கள் பகிர்ந்துகொள்வது அதன் அடிப்படை.

இருப்பவரும் இயங்குபவரும்

மதிப்பீட்டின் உயிர்நாடி ஒரு வேறுபாட்டில் இருக்கிறது. ரேம் நினைவகம் லாகின் ஆகியிருக்கும் எல்லோரையும் சுமக்கிறது, அவர்கள் டீ குடிக்கப் போயிருந்தாலும். பிராசசரோ அந்த நொடியில் வேலை வாங்குபவர்களை மட்டுமே சுமக்கிறது. இரண்டையும் தனித்தனியே கணக்கிட்டு, சிறிய எண்ணை எடுத்துக்கொள்ள வேண்டும்.

நாகர்கோவிலுக்கும் கன்னியாகுமரிக்கும் இடையே சாலையோரம் அமைந்த கொட்டாரம் பேரூரில் வரி ஆலோசனை அலுவலகம் ஒன்றைக் கற்பனை செய்வோம். கன்னியாகுமரி லாட்ஜ்கள், மயிலாடிச் சிற்பக்கூடங்கள் ஆகியவற்றின் கணக்குகளைப் பதினாறு பேர் பார்க்கிறார்கள். எட்டு கோர், 32 ஜிபி ரேம் கொண்ட ஒரு சர்வர் இருக்கிறது. ஒவ்வொருவரும் கணக்கு மென்பொருளான டாலியும் எக்செலும், ஜிஎஸ்டி தளத்துக்காக குரோமும் திறந்து வைத்திருக்க, தலைக்கு 2 ஜிபி ஆகிறது என்று கொள்வோம். இதில் பெரும்பகுதியை விழுங்குவது டாலியல்ல, குரோமின் டேப்கள்தான். இயங்குதளத்துக்கு 4 ஜிபி, மொத்தத்தில் இருபது சதவீதமான 6.4 ஜிபி கையிருப்பு, மீதி 21.6 ஜிபி. பத்துப் பேருக்குத்தான் இடம். ரேமை 64 ஜிபி ஆக்கினால் அதே கணக்கு 23 பேர் என்கிறது.

ரேம் போதாமல் போனால் சர்வர் நின்றுவிடாது. நினைவகத்தின் பக்கங்களை வட்டுக்கு எழுதுவதும் திரும்பப் படிப்பதுமாக அல்லாடும். கணினியியலாளர் பீட்டர் டென்னிங் 1968இல் ஆராய்ந்து விளக்கிய நிலை இது. அலுவலகத்தில் எல்லோரும் ஒரே சமயத்தில் “சிஸ்டம் ஹேங் ஆகுது” என்றால் முதலில் பார்க்க வேண்டிய இடமும் இதுவே. வேலை முடிந்ததும் லாக் ஆஃப் செய்யாமல் ஜன்னலை மட்டும் மூடிவிட்டுப் போகிறவரின் அமர்வு சர்வரில் அப்படியே கிடந்து 2 ஜிபியைப் பிடித்துக்கொண்டிருக்கும். துண்டிக்கப்பட்ட அமர்வுகளுக்குக் காலவரம்பு வைப்பது, புது ரேம் வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய செலவில்லாத காரியம்.

இருபதாம் தேதி

பிராசசர் கணக்கு வேறு. ஒருவர் ஒரு பதிவைத் தட்டி என்டர் அழுத்துகிறார். சர்வருக்கு ஒரு கோரில் ஒரு நொடி வேலை. அடுத்த ரசீதை எடுத்துப் பார்க்க அவருக்கு ஆறு நொடி. ஆக, ஏழு நொடிக்கு ஒரு நொடி அவர் ஒரு கோரை எடுத்துக்கொள்கிறார். எட்டு கோருக்கு 56 பேர் என்பது உச்சவரம்பு; எழுபது சதவீதத்தில் நிறுத்துவது நல்லது, அதாவது 39. நடுத்தர வேலைக்கு ஒரு மெய்நிகர் பிராசசருக்கு நான்கு பேர் என்ற மைக்ரோசாஃப்டின் தொடக்க வழிகாட்டலின்படி பார்த்தால் 32 வரும்.

ஜிஎஸ்டி படிவங்களை மாதந்தோறும் தாக்கல் செய்வோருக்கு ஜிஎஸ்டிஆர்-1க்குக் கடைசி நாள் பதினொன்றாம் தேதி, ஜிஎஸ்டிஆர்-3பிக்கு இருபதாம் தேதி. அன்று யாரும் ஆறு நொடி யோசிப்பதில்லை. யோசிக்கும் நேரம் மூன்று நொடியானால் உச்சவரம்பு 32ஆகவும், எழுபது சதவீதக் கணக்கு 22ஆகவும் இறங்கிவிடும். இயந்திரம் அதேதான், ஆட்களும் அவர்களே. ஐயப்ப பக்தர்கள் கன்னியாகுமரிக்குத் திரளும் கார்த்திகை, மார்கழியில் லாட்ஜ் பில்கள் குவிவதால் டிசம்பர், ஜனவரித் தாக்கல்களை வைத்தே இந்த அலுவலகத்தின் சர்வரை அளக்க வேண்டும். வழக்கமான செவ்வாய்க்கிழமையின் சராசரியைக் கொண்டு அளப்பவர் ஆண்டின் மிக முக்கியமான நாட்களில் ஊழியர்களைத் தவிக்க விடுகிறார்.

உச்சவரம்பைத் தாண்டினால் என்ன ஆகும் என்பதையும் ஷெரின் மாதிரி சொல்கிறது. பயனர் எண்ணிக்கையை ஒரு நொடியில் முடியும் செயல்களின் எண்ணிக்கையால் வகுத்து, யோசிக்கும் நேரத்தைக் கழித்தால் காத்திருப்பு கிடைக்கும். இருபதாம் தேதி 42 பேர் ஏறினால், 42ஐ எட்டால் வகுக்க 5.25, மூன்று போக 2.25 நொடி. ஒரு நொடியில் முடிந்த வேலை எல்லோருக்கும் இரு மடங்குக்கு மேல் இழுக்கிறது.

பிற வரம்புகள்

காலை ஒன்பதரைக்கு எல்லோரும் ஒன்றாக லாகின் செய்யும்போது அடிபடுவது வட்டு. சுழலும் ஹார்ட் டிஸ்க் நொடிக்கு நூறு சிதறிய வாசிப்புகளையே சமாளிக்கத் திணறும். எஸ்எஸ்டிக்கு அது பல ஆயிரம். வீட்டிலிருந்து இணைபவர்களுக்கு அலைவரிசையைவிடத் தாமதமே பெரிய தொல்லை: தட்டிய எழுத்து திரையில் வரத் தாமதமானால் கணக்குப் பதிவில் தவறு கூடும். மின்சாரமும் கணக்கில் சேரும். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் குமரி மாவட்டத்தைத் தாக்கியபோது பல ஊர்களில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை; எல்லோரும் ஒரே சர்வரை நம்பியிருக்கும் இடத்தில் அது நின்றால் எல்லோருடைய வேலையும் நிற்கும்.

உரிமமும் ஒரு வரம்பே. விண்டோஸ் சர்வர் நிர்வாகப் பணிக்கு இரண்டு அமர்வுகளையே இயல்பாக அனுமதிக்கிறது. அதற்கு மேல் ஒவ்வொரு பயனருக்கோ கருவிக்கோ தனி அணுகல் உரிமம் வேண்டும். 120 நாள் சலுகைக் காலம் முடிந்தால் இணைப்பு மறுக்கப்படும். டாலியின் ஒற்றைப் பயனர் உரிமமும் பலர் பயன்படுத்தும் உரிமமும் வேறுவேறு.

சரிபார்த்தல்

கணக்கு எவ்வளவு கவனமாகப் போட்டாலும் அளந்து பார்ப்பது தவிர்க்க முடியாதது. பெரிய நிறுவனங்கள் லாகின் விஎஸ்ஐ போன்ற கருவிகளால் போலிப் பயனர்களை ஒவ்வொருவராக ஏற்றி, சர்வர் மடங்கும் புள்ளியைக் கண்டுபிடிக்கின்றன. சிறு அலுவலகத்துக்கு விண்டோஸ் சர்வர் 2019இல் வந்த ‘யூசர் இன்புட் டிலே’ அளவீடே போதும். பயனரின் தட்டலோ கிளிக்கோ மென்பொருளால் எடுத்துக்கொள்ளப்படும்வரை எவ்வளவு நேரம் வரிசையில் கிடந்தது என்பதை மில்லி நொடியில் காட்டும் அளவீடு அது. ஐந்து பேரை ஏற்றி ஒரு வாரம் பதிவு செய்து, பிறகு பத்தாக்கி, இடையில் ஒரு இருபதாம் தேதியாவது கடந்துவிட வேண்டும். ரேம் பயன்பாடும் இந்தத் தாமதமும் எந்த எண்ணிக்கையில் சேர்ந்து ஏறத் தொடங்குகின்றனவோ, அதற்குச் சற்றுக் கீழே உள்ள எண்தான் அந்தச் சர்வரின் கொள்ளளவு.