ஓர் எழுத்துருவிற் பல வடிவங்கள்

ஈய எழுத்தால் அச்சிட்ட காலத்தில் ஒவ்வோர் அளவுக்கும் எழுத்து வேறாகவே வெட்டப்பட்டது. சிற்றளவெழுத்துச் சற்றே அகன்று தடித்திருக்கும். பேரளவெழுத்து மெலிந்து நிற்கும். கண்ணுக்கு அதுவே இதம். பின்னர் வந்த ஒளியச்சுக்கோப்பும் கணினியும் ஒரே வரைவைப் பெருக்கியுஞ் சுருக்கியும் பயன்படுத்தின. அந்நுட்பம் பெரிதும் மறைந்தது.

1991இல் அடோபி நிறுவனம் ‘மல்டிப்பிள் மாஸ்டர்’ என்னும் முறையை வெளியிட்டது. எல்லை வடிவங்களை வரைந்துவிடின், இடைப்பட்டவற்றைக் கணினியே கணித்துக்கொள்ளும். ஆப்பிள் நிறுவனமும் அத்தசாப்தத்திலேயே ‘ட்ரூடைப் ஜீஎக்ஸ்’ எனத் தனிவழி கண்டது. இரண்டும் வேரூன்றவில்லை. கருத்து நன்றே, ஆயின் அவற்றை ஏற்ற மென்பொருள்கள் மிகச் சிலவாயிருந்தன. தோல்விக்குத் தலையாய காரணம் அதுவேயென்பது எமது துணிபு.

2016 செப்ரெம்பரில் வார்சோ நகரில் அடோபி, ஆப்பிள், கூகிள், மைக்ரோசொவ்ற் ஆகிய நான்கும் ஒருங்கு நின்று ‘ஓப்பன்டைப் 1.8’ஐ அறிவித்தன. போட்டியாளர் நால்வர் ஒரு மேடையில் நின்றமை வியத்தற்குரியது. ஆப்பிளின் பழைய முறையே அதற்கு அடிப்படையாயிற்று.

எனினும், எழுத்தைத் திரையில் இடுதல் பெரும்பாலும் ஒரு மென்பொருளின் தொழிலன்று. ‘ஹார்ஃப்பஸ்’ போன்றது எழுத்துருவங்களைத் தெரிந்து அவற்றின் இடத்தைக் கணிக்கும். ‘ஃப்ரீடைப்’ போன்றது அவற்றை வரையும். தடிப்பு 700 என வரைவதற்குக் கூறி, இடங்கணிப்பதற்குக் கூறாதொழியின், தடித்த எழுத்துக்கள் மெல்லெழுத்தின் அகலத்துள் (இலக்கணங் கூறும் மெல்லெழுத்தன்று) ஒன்றையொன்று நெருக்கும். மாறும் அகலங்களும் எழுத்துருக் கோப்பிலேயே குறிக்கப்படுகின்றன. இரு மென்பொருளுக்கும் ஒரே எண்ணைக் கொடுத்தாற்றான் அவை பயன்படும்.