ஸ்வேல்டேல் ஈயச் சுரங்க எச்சங்கள்

ஸ்வேல்டேல் என்பது இங்கிலாந்தின் வடக்கு யார்க்ஷயரில், பென்னைன் மலைத்தொடரில் உள்ள ஒரு மேட்டுநிலப் பள்ளத்தாக்கு ஆகும். ஸ்வேல் ஆறு இதன் வழியே ஓடுகிறது. 18, 19ஆம் நூற்றாண்டுகளில் இங்கு ஈயச் சுரங்கத் தொழில் செழித்திருந்தது. அதன் எச்சங்கள் கன்னர்சைடு கில், ஓல்டு கேங், ஆர்க்கன்கார்த்டேல் முதலிய கிளைப் பள்ளத்தாக்குகளில் இன்றும் காணப்படுகின்றன. 1954இல் அமைக்கப்பட்ட யார்க்ஷயர் டேல்ஸ் தேசியப் பூங்காவுக்குள் இவை அடங்கும்.

தாது எடுத்த முறை

சுண்ணாம்புப் பாறை வெடிப்புகளில் கொடிபோல் ஓடிய கலேனா என்னும் ஈய சல்பைடே இங்கு தோண்டப்பட்ட தாது. தாதுக் கொடியை வெளிக்கொணர, மலைச்சரிவின் மேல் புல்தரை மண்ணால் அணை கட்டி நீரைத் தேக்கி, ஒரே சமயத்தில் உடைத்துவிட்டனர். பாய்ந்த நீர் மேல்மண்ணை அரித்துச் சென்றது. ‘ஹஷ்’ எனப்படும் இம்முறையால் உண்டான பெரும் பள்ளங்கள் கன்னர்சைடு கில்லின் இரு சரிவுகளிலும் உள்ளன. பின்னர் மலையின் உள்ளே கிடைமட்டச் சுரங்கவழிகள் குடையப்பட்டன. நீர் வடியவும், குதிரைகள் தாது வண்டிகளை இழுத்து வரவும் அவை பயன்பட்டன. 1864இல் தொடங்கப்பட்ட சர் பிரான்சிஸ் சுரங்கவழி இவற்றுள் பெயர்பெற்றது.

தொழிலாளர்

சுரங்கத்தினர் சிறு குழுக்களாகச் சேர்ந்து, எடுக்கும் தாதுவின் அளவுக்கு ஏற்பக் கூலி பேசிக்கொண்டனர். தாதுக் கொடி மெலிந்தால் வருமானமும் குறையும். சுரங்கவழிகளின் வெளியே வரிசையாகக் கட்டப்பட்ட கல் அறைகள் இந்த ஏற்பாட்டுக்குச் சான்று. ஒரு குழுவின் தாது மற்றொன்றுடன் கலக்காதபடி தனித்தனி அறைகளில் கொட்டப்பட்டது. பலர் சிறு நிலத்தில் ஆடுமாடும் வளர்த்தனர். குடும்பத்தினர் காலுறை பின்னினர். பாறைத் தூசியால் வந்த நுரையீரல் நோய் பலரின் ஆயுளைக் குறைத்தது.

உருக்காலைகள்

ஓல்டு கேங், சரண்டர் ஆகிய உருக்காலைகளின் சுவர்கள் இன்றும் நிற்கின்றன. ஓல்டு கேங்குக்கு மேலே, ஏறத்தாழ 120 மீட்டர் நீளத்தில் கல் தூண்கள் வரிசையாக உள்ளன. அடுப்புக்கான முற்றா நிலக்கரியை (பீட்) உலர்த்திச் சேமித்த கொட்டகையின் தூண்கள் இவை; கூரை புதர்ச்செடியால் வேயப்பட்டிருந்தது. நச்சுப்புகையை உருக்காலையிலிருந்து அகற்ற, மலைமேல் வரை கல்லால் புகைவழி கட்டப்பட்டது. அதன் சுவரில் படிந்த ஈயத்தைச் சுரண்டி எடுத்து மீண்டும் உருக்கினர்.

வீழ்ச்சி

வெளிநாடுகளிலிருந்து மலிவான ஈயம் வந்ததால் 1880களில் விலை சரிந்து சுரங்கங்கள் மூடப்பட்டன. குடும்பங்கள் டர்ஹாம் நிலக்கரிச் சுரங்கங்களுக்கும் லங்காஷயர் பருத்தி ஆலைகளுக்கும் அமெரிக்காவுக்கும் இடம்பெயர்ந்தன. பள்ளத்தாக்கின் மக்கள்தொகை பெரிதும் குறைந்தது.

இன்றைய நிலை

கழிவுக் குவியல்களில் எஞ்சிய ஈயத்தால் இன்றும் பல இடங்களில் புல் முளைப்பதில்லை. ஈயத்தைத் தாங்கும் சில செடிகளே அங்கு வளர்கின்றன. மழைவெள்ளம் இக்கழிவை அரித்து, ஸ்வேல் ஆற்றின் வழியே கீழ்நிலத்து வயல்களில் படியச் செய்கிறது. 2019 ஜூலை 30 அன்று பெய்த கனமழையில் ஸ்வேல்டேலிலும் ஆர்க்கன்கார்த்டேலிலும் பாலங்களும் சாலைகளும் சேதமடைந்தன. இத்தகைய வெள்ளம் எச்சங்களுக்கும் கேடானது. ஓடைக்கரையில் உள்ள சுவர்களை அது அரிக்கிறது. ஓல்டு கேங் உருக்காலை சட்டப் பாதுகாப்புப் பெற்ற தொல்சின்னம். எனினும் இங்கு கட்டடத்தைக் காப்பது மட்டும் போதாது. ஒரு தொழிலின் வரலாற்றைச் சொல்லும் குவியலே ஆற்றுக்கு நஞ்சாகவும் இருப்பதால், அதை அகற்றினால் சான்று அழியும். அப்படியே விட்டால் ஈயம் ஆற்றில் சேரும்.