கூலிங் கிளாஸ்: கறுப்பு வேற, காப்பு வேற

மத்த ஊர்க்காரங்க இதை வெயில் கண்ணாடின்னு சொல்றாங்க. நம்ம பக்கம் மட்டும் ‘கூலிங் கிளாஸ்’. அது எதையும் குளிர வைக்கிறதில்ல, ஃபிரிட்ஜும் இல்ல. ஆனா பேர் நின்னுடுச்சு. மெட்ராஸ் ஐ வந்தவன் போட்டா நாலடி தள்ளி நிப்போம். அதையே ஹீரோ போட்டா விசில் அடிப்போம். அரசியல்வாதி போட்டா ஓட்டுப் போடுவோம் :)

இந்தச் சாமானுக்குப் பின்னால இருக்கிற வரலாறு ரொம்ப சுவாரசியமானது. அதைவிட முக்கியம், அந்த வரலாறு தெரிஞ்சா கடையில ஏமாற மாட்டோம். தினசரி போடறதுக்கும் சரி, ‘ஷூட்டிங்’குக்கும் சரி. ஷூட்டிங்னு நான் சொல்றது துப்பாக்கி சுடறது. சினிமா ஷூட்டிங்கும் நடுவுல வரும், பொறுங்க.

முதல்ல பனிப்பிரதேசம். வட துருவத்துப் பக்கம் வாழற இனூயிட் மக்கள் மரத்திலும் எலும்பிலும் வால்ரஸ் தந்தத்திலும் ஒரு கண்மூடி செதுக்கினாங்க. லென்ஸ் கிடையாது. நடுவுல மெல்லிசா ஒரு கீறல், அவ்வளவுதான். பனியில பட்டுத் தெறிக்கிற வெளிச்சம் கண்ணுக்குள்ள போறதைக் குறைக்கிறதுக்கு அந்தக் கீறலே போதும். அது இல்லாம வேட்டைக்குப் போனா ராத்திரி கண்ணுல மண்ணை அள்ளிப் போட்ட மாதிரி எரியும், தண்ணியா கொட்டும். ராஜபாளையத்துல வெல்டிங் பட்டறையில வேலை பார்க்கிற பையனைக் கேட்டா இதையே வார்த்தை மாறாம சொல்வான். ரெண்டும் ஒரே வியாதி. புற ஊதாக் கதிர் கருவிழியைச் சுட்டுடுது.

அடுத்தது சீனா. புகை நிறப் படிகக் கல்லைத் தட்டையா தேய்ச்சு கண்ணாடி செஞ்சாங்க. விசாரணை நடக்கும்போது நீதிபதியோட கண்ணு என்ன சொல்லுதுன்னு யாருக்கும் தெரியக் கூடாதுன்னு போட்டாங்க என்பது அடிக்கடி சொல்லப்படற கதை. வெயிலுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. மறைக்கிறதுதான் வேலை.

கவனிச்சீங்களா? ஆரம்பத்துலயே ரெண்டு வேலை தனித்தனியா பிரிஞ்சு நிக்குது. ஒண்ணு கண்ணைக் காப்பாத்தறது. இன்னொண்ணு கண்ணை மறைக்கிறது. ரெண்டையும் ஒண்ணுன்னு நினைச்சுக் குழப்பிக்கிட்டதுதான் நம்ம பிரச்சினையே.

நம்ம ஊர்க் கதையையும் இதுல பொருத்திப் பார்க்கலாம். எம்.ஜி.ஆருக்குத் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் சேர்ந்தாத்தான் அடையாளம். கலைஞருக்கு அது ஸ்டைல் இல்ல. கண்ணில் பட்ட காயமும் அதுக்காக நடந்த ஆபரேஷன்களும்தான் காரணம். 46 வருஷமா போட்ட கறுப்புக் கண்ணாடியை 2017லதான் மாத்தினார். கூட்டத்துல தூரத்துல நின்னு பார்த்த நமக்கு ரெண்டும் ஒரே கறுப்பு.

இப்ப சினிமா ஷூட்டிங். 1920கள்ல ஹாலிவுட் ஸ்டுடியோக்கள்ல கார்பன் ஆர்க் விளக்கு வச்சுப் படம் எடுத்தாங்க. வெல்டிங் பொறிக்கு அது கிட்டத்தட்ட அண்ணன் முறை. நாள் முழுக்க அதுக்கு முன்னால நின்ன நடிகர்களுக்குக் கண்ணு சிவந்து வீங்கிச்சு. விளக்குக் கம்பெனி பேரை வச்சே ‘கிளீக் ஐ’ன்னு அந்த வியாதிக்குப் பேரும் வச்சாங்க. செட்டை விட்டு வெளிய வரும்போது கறுப்புக் கண்ணாடி போட இது ஒரு காரணம். வெளியில நின்ன ரசிகனுக்கு வியாதி தெரியல, கண்ணாடி மட்டும் தெரிஞ்சுது. 1929ல சாம் ஃபாஸ்டர்ங்கிறவர் அட்லாண்டிக் சிட்டி கடற்கரையில செல்லுலாய்டு கண்ணாடியை மலிவா விக்க ஆரம்பிச்சார். அப்புறம் அது சாதாரண ஜனங்க மூக்குலயும் ஏறிடுச்சு.

அதே சமயத்துல இன்னொரு பக்கம் நிஜமான வேலை நடந்துக்கிட்டிருந்தது. தாலியம்ங்கிற தனிமத்தைக் கண்டுபிடிச்ச வில்லியம் குரூக்ஸ் எழுபத்தஞ்சு வயசைத் தாண்டின பிறகு ஒரு ஆராய்ச்சியில இறங்கினார். கண்ணாடித் தொழிற்சாலையில உலைக்கு முன்னால நின்னு வேலை செய்றவங்களுக்குச் சின்ன வயசுலயே கண்புரை வந்தது. கண்ணுக்குத் தெரியாத கதிரைத் தடுத்து, தெரியற வெளிச்சத்தை மட்டும் விடற கண்ணாடி வேணும்னு நூற்றுக்கணக்கான கலவைகளைச் சோதிச்சார். 1913ல ராயல் சொசைட்டிக்கு முடிவைக் கொடுத்தார். நம்ம ஊர்ப் பழைய கண்ணாடிக் கடைகள்ல ‘குரூக்ஸ்’னு ஒரு லேசான நிறம் உண்டே, அது இந்தப் பெரியவர் பேர்தான். அவர் தேடினது கறுப்பை இல்ல. தடுப்பை. முடிஞ்ச வரைக்கும் நிறம் கம்மியா, தடுப்பு அதிகமா.

அப்புறம் எட்வின் லேண்ட். எதிர்ல வர்ற கார் ஹெட்லைட் கூச்சத்தைக் குறைக்கணும்னு ஆரம்பிச்சவர். 1929ல போலராய்டு தாளுக்குக் காப்புரிமை கேட்டார். ஹெட்லைட் விஷயம் எடுபடல. 1930கள்ல அதே தாள் வெயில் கண்ணாடிக்குள்ள போயிடுச்சு. தண்ணி, தார் ரோடு மாதிரி தட்டையான பரப்புல பட்டு வர்ற வெளிச்சத்தை மட்டும் இது வெட்டும்.

1937ல பாஷ் அண்ட் லோம்ப் கம்பெனியோட ரே-பான். விமானிகளுக்காக வந்தது. 1944ல ஜெனரல் மெக்கார்தர் பிலிப்பைன்ஸ் கரையில தண்ணிக்குள்ள நடந்து வர்ற போட்டோவுல அவர் போட்டிருந்ததும் கறுப்புக் கண்ணாடி. அதுக்கப்புறம் பட்டாளமும் ஸ்டைலும் சேர்ந்துக்கிச்சு. துப்பாக்கிக்காரங்களுக்குன்னே அவங்க ‘ஷூட்டர்’னு ஒரு மாடலை 1938 வாக்குல விட்டாங்க. மங்கலான நாளுக்கு மஞ்சள் லென்ஸும் வந்தது. கறுப்பு இல்ல, மஞ்சள்! அதை மனசுல வச்சுக்குங்க.

கடைசியா பாலிகார்பனேட். 1953ல ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் தனித்தனியா கண்டுபிடிச்ச பிளாஸ்டிக். முதல்ல தொழிற்சாலைப் பாதுகாப்புக் கண்ணாடியில வந்துட்டு, பிறகுதான் சாதாரண மூக்குக் கண்ணாடிக்கு வந்தது. அடிபட்டா சிதறாது. கண்ணாடி லென்ஸ் உடைஞ்சா கத்திதான், அதுவும் கண்ணுக்கு ஒரு இன்ச் முன்னால. அமெரிக்காவுல 1972ல, லென்ஸ்னா சின்ன இரும்புக் குண்டு 50 அங்குல உயரத்திலேர்ந்து விழுந்தாலும் உடையக் கூடாதுன்னு சட்டமே போட்டாங்க. ஷூட்டிங் கண்ணாடிக்கு அதுவும் பத்தாது. கால் அங்குல இரும்புக் குண்டு நொடிக்கு 150 அடி வேகத்துல வந்து மோதினாலும் தாங்கணும். ‘இஸட் 87 பிளஸ்’னு ஃபிரேம்ல பொறிச்சிருந்தா அதுதான் அர்த்தம்.

ஆக மொத்தம் நாலு தனித்தனி குணம். வெளிச்சத்தைக் குறைக்கிற கறுப்பு. கதிரைத் தடுக்கிற யூ.வி. காப்பு. கூச்சத்தை வெட்டற போலராய்டு. அடி தாங்கற உறுதி. நாலும் நாலு வேற வேற தொழில்லேர்ந்து, வேற வேற காலத்துல வந்தது. ஒண்ணு இருந்தா இன்னொண்ணு இருக்கும்னு எந்த உத்தரவாதமும் இல்ல. கடையில நாம பார்க்கிறது முதல் குணத்தை மட்டும்தான்.

இங்கதான் ஆபத்து. கறுப்பா இருந்து யூ.வி. காப்பு இல்லாத கண்ணாடி போட்டா, இருட்டுன்னு நினைச்சுக் கண்ணோட பாப்பா விரியும். விரிஞ்ச வாசல் வழியா கதிர் தாராளமா உள்ள போகும். அதுக்குப் போடாமலே இருக்கலாம், கண்ணைச் சுருக்கிக்கிட்டாவது நடப்போம். இன்னொரு பக்கம், நிறமே இல்லாத பாலிகார்பனேட் லென்ஸ் புற ஊதாக் கதிரை ஏறக்குறைய முழுசா தடுத்துடும். வெள்ளையா இருக்கிறது காப்பாத்துது, கறுப்பா இருக்கிறது காட்டிக் கொடுக்குது. விலையை வச்சும் சொல்ல முடியாது. மலிவுக் கண்ணாடியில நல்லதும் உண்டு, பிராண்டு பேர் போட்ட டூப்ளிகேட்ல மோசமும் உண்டு.

நம்ம ஊருக்கு வருவோம். பிளவக்கல் அணை தெரியாதவங்களுக்காக: வத்திராயிருப்பு பக்கம், மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்துல பெரியாறு, கோவிலாறுன்னு ரெண்டு அணை. கரையில நின்னா முன்னால தண்ணி, அதுக்குப் பின்னால மேற்கே மலை. சாயங்கால வெயில் தண்ணியில பட்டு நேரா முகத்துல அடிக்கும். போலராய்டு என்ன செய்யும்னு பார்க்க இதைவிட நல்ல இடம் கிடையாது. சூரியன் அடிவானத்துலேர்ந்து சுமார் 37 டிகிரி உயரத்துல இருக்கும்போது, அதாவது நாலு மணிக்குக் கொஞ்சம் முன்ன பின்ன, தண்ணிப் பளபளப்பு ஏறக்குறைய முழுசா மறைஞ்சு உள்ள இருக்கிற கல்லும் பாசியும் தெரியும். சூரியன் மலை மேல சாயச் சாய அந்த மாயம் குறைஞ்சுடும். ஆனா ஒண்ணு, பளபளப்பு போச்சுங்கறதால யூ.வி.யும் போச்சுன்னு அர்த்தமில்ல. அது தனியா இருக்கணும்.

இந்த மலையில ஒரு காலத்துல வேட்டை நடந்தது. ராஜபாளையம் நாய் பேர் வாங்கினதே வேட்டையிலதான். பழைய ஷிகார் போட்டோக்களைப் பாருங்க, துரைமார் தலையில சோலா தொப்பி இருக்கும், கண்ணாடி அபூர்வம். தொப்பி விளிம்பும் நம்ம சம்சாரிகளோட தலைத்துண்டும் கண்ணுக்கு மேலேர்ந்து வர்ற வெயிலை நல்லாவே வெட்டும். இன்னிக்கும் கூலிங் கிளாஸோட ஒரு தொப்பியும் சேர்த்துப் போடறதுதான் புத்திசாலித்தனம். வேட்டை 1972 சட்டத்தோட முடிஞ்சுது. 1988ல சாம்பல் நிற அணில் சரணாலயம், 2021ல ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம். துப்பாக்கியோட மலையேறினா இப்ப ஜெயில்தான்.

அப்ப ஷூட்டிங்னா மைதானத்துலதான். புதுக்கோட்டை அரச குடும்பத்து பிரித்விராஜ் தொண்டைமான் டிராப் சுடறவர். ஹாங்சோ ஆசியப் போட்டியில 2023ல இந்திய அணியோட தங்கம் வாங்கினார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸும் போனார். அதுல பறக்கிறது 11 சென்டிமீட்டர் ஆரஞ்சுத் தட்டு. வானமும் மரமும் பின்னால இருக்க அந்த ஆரஞ்சு மட்டும் பளிச்சுனு தெரியணும். அதனால டிராப் சுடறவங்க பெட்டியில கறுப்பை விட மஞ்சள், ஆரஞ்சு, ஊதான்னு கலர் கலரா லென்ஸ் இருக்கும். பின்னால பச்சை மரம்னா ஊதா, மேகமூட்டம்னா மஞ்சள். உடைஞ்ச தட்டுத் துண்டும் தெறிக்கும்ங்கறதால எல்லாமே அடி தாங்கற ரகம்.

அதே பாரிஸ்ல ரைபிள், பிஸ்டல் பக்கம் கதையே வேற. தென்கொரியாவின் கிம் யெ-ஜி விண்வெளிக்காரி மாதிரி ஒற்றைக் கண் லென்ஸ், மறைப்புத் தகடு சகிதம் வந்து வெள்ளி வாங்கினார். துருக்கியின் யூசுஃப் டிகெச் வீட்டுக் கண்ணாடியோட, ஒரு கையைப் பாக்கெட்ல விட்டுக்கிட்டு வந்து கலப்பு அணியில வெள்ளி வாங்கினார். உள்ளரங்கத்துல வெயிலே இல்ல. அங்க கறுப்புக் கண்ணாடி போட்டா குறிதான் தப்பும்.

நம்மில் பெரும்பாலானவங்க துப்பாக்கி பிடிக்கிறது ரெண்டே இடத்துல. ஒண்ணு காலேஜ் என்.சி.சி. இன்னொண்ணு திருவிழா பலூன் கடை. பலூன் கடையில பின்னால இருக்கிறது பலகையும் ஆணியும். ஏர்கன் குண்டு கடினமான எதிலாவது பட்டா திரும்பி வரும். சுத்தி நிக்கிற குழந்தைங்க உயரத்துக்குத்தான் வரும். யார் கண்ணிலும் ஒண்ணும் இருக்காது. அங்க தேவை ரேபான் இல்ல. ஹார்டுவேர் கடையில கிடைக்கிற வெள்ளை சேஃப்டி கண்ணாடி போதும்.

சரி, வாங்கறதுக்குச் சுருக்கமா:

1. யூ.வி. 400னு இருக்கணும். நல்ல கண்ணாடிக் கடைகள்ல மீட்டர் வச்சிருப்பாங்க, அளந்து காட்டச் சொல்லுங்க. 365 நானோமீட்டர் யூ.வி. டார்ச் இருந்தா லென்ஸ் வழியா ரூபா நோட்டு நம்பர் மேல அடிங்க. நம்பர் ஒளிர்ந்தா கதிர் உள்ள போகுதுன்னு அர்த்தம்.

2. கறுப்பு அளவு 0 முதல் 4 வரை. நம்ம வெயிலுக்கு 3, அதாவது 8 முதல் 18 சதவீதம் வெளிச்சம் விடறது. 4ஆம் நம்பர் போட்டு வண்டி ஓட்டவே கூடாது.

3. “அண்ணாச்சி, ஒரிஜினல் போலராய்டுங்க”ன்னு கடைக்காரர் சொன்னா எல்.சி.டி. மானிட்டர் முன்னால பிடிச்சுத் திருப்பிப் பாருங்க. ஒரு கோணத்துல திரை இருட்டாகணும்.

4. கையை நீட்டிப் பிடிச்சு, ஜன்னல் கம்பி வழியா மெதுவா அசைங்க. கம்பி நெளிஞ்சா வச்சுட்டு வந்துடுங்க. தலைவலி நிச்சயம்.

5. ஷூட்டிங்குக்கு பாலிகார்பனேட், பக்கவாட்டுல சுத்தி மறைக்கிற ஃபிரேம், இஸட் 87 பிளஸ். நிறம் வெளிச்சத்தைப் பொறுத்து. சந்தேகம்னா நிறமில்லாதது.

6. ராத்திரி வண்டி ஓட்ட மஞ்சள் கண்ணாடின்னு விக்கிறாங்களே, வேண்டாம். 2019ல அமெரிக்காவுல ஆராய்ச்சிக்காரங்க டிரைவிங் சிமுலேட்டர்ல சோதிச்சப்ப, அதைப் போட்டதால ரோட்டுல நடக்கிறவர் ஒண்ணும் சீக்கிரம் தெரியல. இருக்கிற வெளிச்சமும் குறையறதுதான் மிச்சம்.

மதுரை அரவிந்த் ஆஸ்பத்திரியை டாக்டர் வெங்கடசாமி 1976ல 11 படுக்கையோட ஆரம்பிச்சார். இன்னிக்கும் நம்ம பக்கத்துப் பெரியவங்க கண்ணு ஆபரேஷனுக்கு அங்க பஸ் ஏறுறாங்க. பலருக்கு வாழ்க்கையில முதல் கூலிங் கிளாஸே ஆபரேஷன் முடிஞ்சு போட்டுவிடற அந்தக் கறுப்பு பிளாஸ்டிக்தான். நாப்பது வருஷம் காட்டுல வெயில் குடிச்ச பிறகு கிடைக்கிற கண்ணாடி. புரைக்கு வயசும் சர்க்கரையும்கூடக் காரணம்தான், வெயில் மட்டும் இல்ல. ஆனா வெயில் பங்கை மட்டும்தான் காசு கொடுத்துக் குறைக்க முடியும். வீட்டுல வயலுக்குப் போறவங்க இருந்தா, அடுத்த தீபாவளிக்கு வேட்டியோட யூ.வி. 400 கண்ணாடி ஒண்ணும் சேர்த்து வாங்கிக் கொடுங்க. ஸ்டைலா இருக்கேன்னு கிண்டல் பண்ணாம இருந்தா, போட்டுக்குவாங்க.

டிஸ்கி: கிரகணம் பார்க்க, வெல்டிங் அடிக்க எந்தக் கூலிங் கிளாஸும் உதவாது. எவ்வளவு கறுப்பா இருந்தாலும்!