இயந்திர மார்பு அழுத்தக் கருவி

இதயத் துடிப்பு நின்றுபோனவரின் மார்பை, கைகளுக்குப் பதிலாக, ஒரே ஆழத்திலும் ஒரே வேகத்திலும் ஓயாமல் அழுத்தும் கருவி. அவசர சிகிச்சைப் பிரிவு, ஆம்புலன்ஸ், இதயக் குழாய்ச் சிகிச்சை அறையான கேத் லேப் ஆகிய இடங்களில் பயன்படுகிறது. கையை மிஞ்சும் முயற்சியாகத் தொடங்கிய இதன் வரலாறு, கையால் இயலாத இடங்களில் தன் வேலையைக் கண்டுகொண்டது.

மூடிய மார்பை அழுத்தியே இரத்தத்தை ஓடவைக்கலாம் என்பதை மருத்துவ உலகம் ஏற்றது 1960-இல். பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில், நாய்களின் மார்பில் மின்னதிர்ச்சித் தகடுகளை அழுத்தியபோதெல்லாம் இரத்த அழுத்தம் சற்றே ஏறுவதைக் கய் நிக்கர்பாக்கர் என்ற இளம் பொறியாளர் கவனித்தார். அதிலிருந்து அவரும் மின்பொறியாளர் வில்லியம் கூவன்ஹோவனும் அறுவை மருத்துவர் ஜேம்ஸ் ஜூடும் உருவாக்கிய முறைதான் இன்றைய சி.பி.ஆரின் (இதய-நுரையீரல் மீட்பு முறையின்) அடிப்படை.

அதன் குறையும் விரைவில் தெரிந்தது. இன்றைய விதிப்படி நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம் அழுத்த வேண்டும். எவ்வளவு பலசாலியானாலும் ஓரிரு நிமிடங்களில் ஆழம் குறைந்துவிடும். அழுத்துபவருக்கு அது தெரியாது. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும் என்ற விதி அதனால் வந்ததே. 1960-களிலேயே இயந்திரங்கள் முளைத்தன. அவற்றில் நிலைத்தது அமெரிக்காவின் மிச்சிகன் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் செய்த 'தம்பர்': அழுத்தப்பட்ட ஆக்சிஜனால் இயங்கும் பிஸ்டன். 1978-இல் வெளிவந்த ஒப்பீட்டில் அது கையைவிட மேலானதாகத் தெரியவில்லை.

அடுத்த யோசனை வீட்டுக் கழிவறையிலிருந்து வந்தது. அடைப்பெடுக்கும் ரப்பர் உந்தியால் குடும்பத்தார் ஒருவரை மீட்ட செய்தி, 1990-இல் சான் பிரான்சிஸ்கோ மருத்துவர்களின் கடிதமாக வெளியானது. மார்பை அழுத்துவதோடு மேலே இழுத்தும் விட்டால் இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் கூடும் என்ற எண்ணம் அதிலிருந்து வலுப்பெற்றது. அந்த ரப்பர் உந்தியைப் போன்ற உறிஞ்சு குவளையைப் பிஸ்டனோடு சேர்த்தது சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் ஸ்டிக் ஸ்டீன் குழு சோதித்த 'லூகஸ்'. 2002-இல் அதன் முதல் ஆய்வுகள் வெளிவந்தன. தொடக்கத்தில் காற்றழுத்தத்தில் ஓடியது, பின்னர் பேட்டரிக்கு மாறியது. மறுபக்கம், மார்பைச் சுற்றி இறுக்கும் பட்டையுடன் 'ஆட்டோபல்ஸ்' வந்தது.

2006-இல் ஒரே மருத்துவ இதழ் ஆட்டோபல்ஸ் பற்றி முரண்பட்ட இரண்டு ஆய்வுகளை வெளியிட்டது. அமெரிக்காவின் ரிச்மண்ட் நகரில், கருவி வருமுன் 2.9 சதவீதமாக இருந்த உயிர்பிழைப்பு, வந்தபின் 9.7 சதவீதமானது. ஆனால் நோயாளிகளைக் குழுக்களாகப் பிரித்து ஒப்பிட்ட 'ஆஸ்பயர்' ஆய்வு பாதியிலேயே நிறுத்தப்பட்டது: கையால் அழுத்தப்பட்டவர்களில் 9.9 சதவீதத்தினர் பிழைத்து வீடு திரும்ப, கருவிக் குழுவில் 5.8 சதவீதத்தினரே திரும்பினர். கருவியைப் பொருத்துவதில் கழிந்த நேரமே காரணம் என்று பலர் கருதினர். பெரிய ஆய்வுகள் பிறகு வந்தன. 2,589 பேரைக் கொண்ட 'லிங்க்' ஆய்வில் (2014) நான்கு மணி நேரம் பிழைத்தோர் இரு குழுவிலும் ஏறத்தாழ 24 சதவீதம். பிரிட்டனில் 4,471 பேரிடம் நடந்த 'பாராமெடிக்' ஆய்விலும் (2015) லூகஸ் கையை மிஞ்சவில்லை. இவை மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்றவர்களைப் பற்றியவை. உள்ளே நிற்பவர்களைப் பற்றிய சான்று இன்றும் மெலிந்ததே. இந்த இடைவெளியை ஆய்வுலகம் இவ்வளவு காலம் விட்டுவைத்திருக்கக் கூடாது.

ஆகவே எல்லோருக்கும் வழக்கமாகப் பொருத்துவதை வழிகாட்டு நெறிகள் பரிந்துரைப்பதில்லை. கருவியின் உண்மையான மதிப்பு வேறிடத்தில் இருக்கிறது. ஓடும் ஆம்புலன்ஸில் நின்றபடி அழுத்துபவர் தன் உயிரையே பணயம் வைக்கிறார். கேத் லேபில் எக்ஸ்ரே கதிருக்குக் கீழே கைகள் இருக்க முடியாது. கருவி அழுத்திக்கொண்டிருக்கும்போதே அடைத்த இதயக் குழாயைத் திறக்கலாம். நுரையீரல் தமனியை அடைத்த இரத்தக்கட்டியைக் கரைக்க மருந்து கொடுத்தால் 60 முதல் 90 நிமிடம் வரை சி.பி.ஆர். தொடர வேண்டியிருக்கலாம். குளிரில் உறைந்தவர்களுக்கு மணிக்கணக்கில்கூடத் தேவைப்படும். மின்னியாபோலிஸில் மருந்துக்கும் மின்னதிர்ச்சிக்கும் மசியாத நோயாளிகளை, கருவி அழுத்திக்கொண்டிருக்க, இதயம், நுரையீரல் ஆகியவற்றின் வேலையை உடலுக்கு வெளியே செய்யும் எக்மோ இயந்திரத்துக்குக் கொண்டுசென்றார்கள். 2020-இல் வெளிவந்த 'அரெஸ்ட்' ஆய்வில் எக்மோ குழுவில் இருந்த 14 பேரில் ஆறு பேர் பிழைத்து வீடு திரும்பினர், வழக்கமான சிகிச்சை பெற்ற 15 பேரில் ஒருவரே. அதே ஆண்டு கோவிட் பரவியபோது, அறைக்குள் நிற்கும் ஆட்களைக் குறைக்கவும் கருவி உதவியது.

பொருத்துவது தனிப் பயிற்சி. முதலில் முதுகுப் பலகையைச் செருகி, உடனே கையழுத்தத்தைத் தொடர்ந்து, பிறகே மேற்பகுதியை மாட்ட வேண்டும். ஒவ்வொரு இடைநிறுத்தமும் பத்து நொடிக்குள் முடிய வேண்டும். குவளை வயிற்றுப் பக்கம் நழுவினால் கல்லீரல் கிழியக்கூடும் என்பதால், மார்பில் பேனாவால் குறியிட்டு அடிக்கடி பார்ப்பார்கள். சிறு குழந்தைகளுக்கு இது பொருந்தாது. சீரான இரத்த ஓட்டத்தால் இதயம் நின்றிருக்கும்போதே சிலர் கண்விழித்துக் கையால் கருவியைத் தள்ளுவதுண்டு. அப்போது மயக்க மருந்து கொடுத்து அழுத்தத்தைத் தொடர வேண்டியிருக்கும்.