கோல்ஃப் வீச்சு: தவறாத அடியைத் தேடிய வரலாறு

கோல்ஃப் மட்டை தோளுக்கு மேலிருந்து கீழிறங்கிப் பந்தைத் தொட ஏறக்குறைய கால் விநாடிதான் ஆகிறது. தேர்ந்த ஆட்டக்காரரின் டிரைவர் மட்டை அந்தக் கணத்தில் மணிக்கு 160 கிலோமீட்டருக்கு மேல் பாய்கிறது. மட்டையின் முகம் 1 பாகை திரும்பியிருந்தாலே, 200 மீட்டர் தொலைவில் பந்து சுமார் 3 மீட்டர் விலகிவிடும். கூடவே சேரும் பக்கச் சுழற்சி விலகலை இன்னும் பெருக்கும். இந்தச் சிறு பிழையை அடக்கும் வழியைத்தான் ஆட்டக்காரர்கள் பல தலைமுறைகளாகத் தேடினார்கள்.

அந்தத் தேடல் ஸ்காட்லாந்தில் தொடங்கியது. எடின்பரோவில் மருத்துவம் படித்த தாமஸ் கின்கெய்ட் 1687இல் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தவையே கோல்ஃப் பயிற்சி பற்றிக் கிடைக்கும் மிகப் பழைய குறிப்புகள். வாள்வீச்சுக்கு நிற்பதுபோல் முழங்காலைச் சற்று மடக்கி, கால், முதுகு, கைத் தசைகளை இறுக்கி நிற்க வேண்டும் என்பது அவர் கண்ட வழி. அக்காலப் பந்து, இறகுகளைத் திணித்துத் தைத்த தோல் உருண்டை. கடற்கரை மணல்வெளியில் காற்று பலமாக வீசும். நீண்ட மட்டையை உடலைச் சுற்றித் தாழ்வாகச் சுழற்றி அடிப்பதே அங்கே பழக்கமாயிற்று.

1848 வாக்கில் கட்டாபெர்ச்சா என்னும் மரப்பாலில் செய்த பந்து வந்தது. அந்த நூற்றாண்டின் இறுதியில், ரப்பர் இழையைச் சுற்றிய ஹாஸ்கெல் பந்து வந்தது. இந்த மாற்றங்களின் நடுவே 1896 முதல் 1914 வரை பிரிட்டிஷ் ஓப்பன் பட்டத்தை 6 முறை வென்றவர், ஜெர்சி தீவில் பிறந்த ஹாரி வார்டன். பழைய தாழ்வான சுழற்சிக்குப் பதில் மட்டையைச் செங்குத்தாக உயர்த்தினார். வலக்கைச் சுண்டுவிரலை இடக்கை ஆள்காட்டி விரலின் மேல் படியவைத்து இரு கைகளையும் ஒன்றாக இயங்கச் செய்தார். அந்தப் பிடியைச் சிலர் முன்பே கையாண்டிருந்தும், அது வார்டன் பெயராலேயே இன்றும் வழங்குகிறது.

ஆனால் அக்கால மட்டையின் காம்பு ஹிக்கரி மரத்தால் ஆனது. வேகமாக வீசும்போது அது வளைவதோடு முறுக்கிக்கொள்ளவும் செய்யும். பந்தைத் தொடும் கணத்தில் மட்டை முகம் நேராகும்படி மணிக்கட்டாலும் முன்கையாலும் சரிசெய்தாக வேண்டும். ஆட்டக்காரர் பாபி ஜோன்ஸ் 1930இல் அன்றைய நான்கு பெரிய பட்டங்களையும் வென்றது இத்தகைய மட்டைகளைக் கொண்டுதான். எஃகுக் காம்பை அமெரிக்கா 1924இலும், பிரிட்டனின் ஆர் அண்ட் ஏ சங்கம் 1929இலும் அனுமதித்தன. எஃகு அவ்வளவாக முறுக்காது; ஆகவே மரக் காம்புக்கென்று கைகள் கற்ற திருத்தங்களே புதிய மட்டையில் பிழையாயின. வீச்சைப் புதிதாகக் கற்க வேண்டியதாயிற்று.

எஃகு யுகத்தின் பெரிய ஆசான் பென் ஹோகன். தொடக்கத்தில் அவருடைய பந்துகள் இடப்பக்கம் சடாரென வளைந்து ஓடின. பிடியை மாற்றியும் ஓயாமல் பயிற்சி செய்தும் அதை அடக்கினார். 1957இல் அவர் வெளியிட்ட ஐந்து பாடங்கள் கொண்ட நூல், வீச்சைப் படிப்படியாகக் கற்கலாம் என்ற நம்பிக்கையை எங்கும் பரப்பியது. ஆனால் அவருடைய தீர்வுகள் பல, அவரை வாட்டிய பிழைக்கு மருந்தானவை. பந்து வலப்பக்கம் வளைந்து ஓடும் ஆட்டக்காரருக்கு அவை பொருந்துவதில்லை.

ஆலஸ்டேர் காக்ரனும் ஜான் ஸ்டாப்ஸும் 1968இல் வெளியிட்ட ஆய்வு நூல் சிக்கலின் வேரைக் காட்டியது. மட்டையும் பந்தும் ஒட்டியிருப்பது விநாடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு நேரமே. அடியின் உணர்வு மூளையை எட்டுமுன் பந்து கிளம்பிவிடுகிறது. அடிக்கும் கணத்தில் எதையும் திருத்த வழியில்லை.

தேர்ந்தவர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்பதற்கான விடையின் தொடக்கம் கோல்ஃபுக்கு வெளியே கிடைத்தது. சோவியத் உடலியலாளர் நிக்கோலாய் பெர்ன்ஸ்டைன் 1920களில் சுத்தியல் அடிக்கும் தொழிலாளர்களைப் படமெடுத்து ஆராய்ந்தார். தோள், முழங்கை, மணிக்கட்டு ஆகியவற்றின் பாதை அடிக்கு அடி மாறியது. சுத்தியல் விழும் இடமோ அவ்வளவு மாறவில்லை. ஒரு மூட்டின் விலகலை இன்னொரு மூட்டு ஈடுகட்டியது. இந்த ஈடுகட்டலை உடலின் போக்கில் விடுவதே நல்லது என்பதுபோல், 1999இல் ஆய்வாளர் கேப்ரியேலா வுல்ஃப் குழுவினர் நடத்திய கோல்ஃப் சோதனையிலும், கையசைவைக் கவனித்த புதியவர்களைவிட மட்டையின் அசைவைக் கவனித்தவர்களே துல்லியமாக அடித்தார்கள்.

ஆக, நிலையான வீச்சு என்பது உடல் ஒரே அசைவை அச்சுப்பிசகாமல் திரும்பச் செய்வதன்று. மாறிக்கொண்டே இருக்கும் அசைவுகள் ஒரே விளைவில் வந்து முடிவது. அந்த ஈடுகட்டலைச் சொல்லிக் கொடுக்க முடியாது. ஆயிரக்கணக்கான அடிகளில் உடலே கற்றுக்கொள்ள வேண்டும். வீச்சைக் கற்பது இவ்வளவு கடினமாக இருப்பதன் காரணம் இதுவே.