72 கெஜம் துணி

பர்கூர்னு சொன்னா வெளியூர் ஆளுங்களுக்கு 1996 தேர்தல்ல ஜெயலலிதா தோத்த தொகுதி. எங்க பக்கத்து ஜனங்களுக்கு ஜவுளிக் கடைங்க. அதனால கூலியைப் பத்தின இந்தப் பதிவையும் துணியிலேயே ஆரம்பிச்சுடறேன்.

1957 ஜூலைல டெல்லியில 15-வது இந்தியத் தொழிலாளர் மாநாடு நடந்தது. ஒரு தொழிலாளிக்கு குறைஞ்சபட்சம் எவ்வளவு கூலி வேணும்னு அங்க கணக்குப் போட்டாங்க. குடும்பத்துக்கு வருஷத்துக்கு 72 கெஜம் துணி, அதாவது தலைக்கு 18. ஆறு கெஜத்துல மூணு புடவை எடுத்தா தீர்ந்துச்சு, ஜாக்கெட்டுக்குத் துணி கிடையாது :-)

சாப்பாட்டுக்கு, புருஷன் பொண்டாட்டி ரெண்டு பிள்ளைங்கன்னு நாலு பேரை மூணு பெரியவங்களா எடுத்துக்கிட்டாங்க. ஆளுக்கு 2700 கலோரி. இது டாக்டர் அய்க்ராய்டு சொன்ன அளவு. நம்ம குன்னூர் ஊட்டச்சத்து ஆராய்ச்சிக்கூடத்துக்கு இயக்குநரா இருந்தவர். விறகு, விளக்கு, சில்லறைச் செலவுக்கு 20 சதவீதம். மனைவி சம்பாதிக்கிறதை கணக்குல சேர்க்கவே கூடாது, ஒரு ஆள் சம்பளத்துல வீடு நடக்கணும்னாங்க. நல்ல விஷயம்தான். ஆனா வாடகைக்கு அவங்க எடுத்துக்கிட்டது அரசாங்கம் கட்டின தொழிலாளர் குடியிருப்போட வாடகை. ஓசூர்ல வீடு தேடி அலைஞ்சவங்க இந்த வரியைப் படிச்சு சிரிச்சுக்கலாம்.

பிள்ளைங்க படிப்பு? வைத்தியம்? அது கணக்குல ஏற 1991 ஆச்சு. ரெப்டகாஸ் பிரெட் மருந்துக் கம்பெனியோட சென்னை ஃபேக்டரியில, சுமார் முப்பது வருஷமா இருந்த பஞ்சப்படி முறையை நிர்வாகம் மாத்தப் பார்த்தது. தொழிலாளிங்களுக்கு சம்பளம் ஏகத்துக்கு ஏறிடுச்சாம்! வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு, தொழிலாளிங்க ஜெயிச்சாங்க. படிப்பு, வைத்தியம், பண்டிகை, வயசான காலம், கல்யாணம் இதுக்கெல்லாம் 25 சதவீதம் சேர்க்கணும்னு தீர்ப்பு.

அதே தீர்ப்புல இன்னொண்ணும் இருக்கு. இத்தனையும் சேர்த்துக் கொடுத்தாலும் அது உயிரைப் பிடிச்சு வெச்சுக்கிற அளவுக்கான குறைந்தபட்சக் கூலிதானாம். 1948-ல அமைச்ச நியாய ஊதியக் குழு மூணு படி சொல்லியிருந்தது: குறைந்தபட்ச ஊதியம், அதுக்கு மேல நியாய ஊதியம், உச்சியில வாழ்வூதியம். நம்ம அரசியல் சட்டம் 43-வது பிரிவுல பேசறது மூணாவதை. நாம இன்னும் முதல் படியில நின்னு பேரம் பேசிக்கிட்டிருக்கோம்.

அந்தப் பேரத்துலயும் ஒரு கூத்து. குறைந்தபட்சக் கூலியை மாநிலத்துக்கு மாநிலம் தனித்தனியா நிர்ணயிக்கிறாங்க. ஜூஜூவாடியில தமிழ்நாட்டு ரேட், எல்லை தாண்டி அத்திப்பள்ளியில கர்நாடக ரேட். வயித்துக்கு மட்டும் ரெண்டு பக்கமும் அதே 2700 கலோரி.