சரத்தின் நீளமும் சி மொழியின் முடிவுக் குறியும்

எண் ஒன்றைச் சேமிக்க எத்தனை பைட் வேண்டும் என்பது நிரலை எழுதும்போதே தெரியும். பெயரோ முகவரியோ எவ்வளவு நீளும் என்பது தெரியாது. இச்சிக்கலைத் தொடக்ககால நிரல்மொழிகள் எதிர்கொண்ட விதத்தையும் அதன் விளைவையும் இக்கட்டுரை நோக்குகிறது.

மார்ட்டின் ரிச்சர்ட்ஸ் 1967இல் உருவாக்கிய பி.சி.பி.எல். மொழியில், எழுத்துச் சரத்தின் முதல் பைட் அதன் நீளத்தைத் தாங்கியது. அம்மொழியின் வழியில் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன் அமைத்த பி மொழி, எண்ணிக்கையைக் கைவிட்டுச் சரத்தின் இறுதியில் ஒரு முடிவுக் குறியை இட்டது. டென்னிஸ் ரிட்சியின் சி மொழி அம்முறையைத் தொடர்ந்து, சுழி மதிப்புடைய பைட்டை முடிவுக் குறியாக்கியது. 1993இல் எழுதிய வரலாற்றுக் கட்டுரையில் ரிட்சி இதற்கு இரு காரணங்கள் தருகிறார். எட்டு அல்லது ஒன்பது பிட் இடத்தில் நீளத்தை எழுதினால் சரம் அவ்வளவைத் தாண்ட இயலாது. எண்ணிக்கையைப் பேணுவதைவிட முடிவுக் குறி வசதியானது என்பதும் அவர்களது பட்டறிவு. பாதுகாப்பு பற்றிய கருத்து இவ்விரண்டிலும் இல்லை. சிறு கணினியில் ஒரு சிலர் தமக்காக எழுதிய மொழியில் அதை எதிர்பார்ப்பதும் நியாயமன்று.

நிக்லாஸ் விர்த் 1970இல் வெளியிட்ட பாஸ்கல் மொழியில் அணியின் நீளம் தரவினத்தின் ஒரு கூறு. பத்து எழுத்து அணியும் இருபது எழுத்து அணியும் வெவ்வேறு இனங்கள். ஒன்றுக்கென எழுதிய செயற்கூறு மற்றதை ஏற்காது. பிரையன் கெர்னிகன் 1981இல் இதனைக் கடுமையாகச் சாடினார். யு.சி.எஸ்.டி. பாஸ்கலோ நீள பைட்டை மீட்டு, 255 எழுத்து வரம்பையும் உடன் ஏற்றது.

சி மொழி அவ்வரம்பை நீக்கியது என்பது பாதி உண்மையே. முடிவுக் குறி சரம் முடியும் இடத்தைக் காட்டும். சரத்துக்கென ஒதுக்கிய நினைவகம் முடியும் இடத்தைக் காட்டாது. அதை நினைவில் வைக்கும் பொறுப்பு நிரலரைச் சேர்ந்தது. 1988 நவம்பரில் இணையத்தில் பரவிய மோரிஸ் புழுவின் வழிகளுள் ஒன்று, ஃபிங்கர் சேவை நிரலின் 512 பைட் இடத்துக்கு அதனினும் நீண்ட சரத்தை அனுப்புவது. அந்நிரல் பயன்படுத்திய ‘கெட்ஸ்’ என்னும் செயற்கூற்றுக்கு, தான் நிரப்பும் இடத்தின் அளவை அறிய வழியே இல்லை. அச்செயற்கூறு சி மொழியின் தரத்திலிருந்து நீங்க 2011 வரை ஆயிற்று.

பைத்தான், கோ, ஸ்விஃப்ட் போன்ற பிந்தைய மொழிகள் முடிவுக் குறியை நம்புவதில்லை. ஆயினும் எதனை எண்ணுவது என்பதில் அவை வேறுபடுகின்றன. ‘தமிழ்’ என்னும் சொல்லின் நீளத்தைக் கேட்டால், பைத்தான் யூனிகோடு குறியெண்களை எண்ணி 5 என்கிறது. கோ மொழி பைட்டுகளை எண்ணி 15 என்கிறது. நாம் எண்ணுவது போல 3 என்பது ஸ்விஃப்ட்.